லாரியின் இசிஎம் பழுது: புதியதா, பழுதுபார்ப்பா, பழையதா, மாற்றுப் பெட்டியா?

“இசிஎம் போய்விட்டது, புதியதுதான் போட வேண்டும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள், வெளியில் ஒருவர் அதே பெட்டியைத் திறந்து சரிசெய்து தருவதாகச் சொல்கிறார், இன்னொருவர் டெல்லியிலிருந்து பழைய பெட்டி வரவழைத்துத் தருகிறேன் என்கிறார், யார் சொல்வதைக் கேட்பது?” நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரி உரிமையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. இசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் பெட்டி. கேட்பவர்களில் பலர் மூன்று விலைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அவற்றுள் எது குறைவு என்று பார்க்கிறார்கள். விலைக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது: பழுதான பெட்டிக்குள் இருக்கும் தரவை இன்னும் படித்தெடுக்க முடிகிறதா, இல்லையா? படிக்க முடியாது என்பது உறுதியானால் நான்கு வழிகளில் இரண்டு பெரும்பாலும் அடைபட்டுவிடும். படிக்க முடிந்தால் மலிவான வழியும் நல்ல வழியாக அமைய வாய்ப்புண்டு.

இங்கே பேசப்படுவது காமன் ரயில் இன்ஜின் (உயர் அழுத்தத்தில் ஒரே குழாயில் சேர்த்த டீசலை எலெக்ட்ரானிக் இன்ஜெக்டர்கள் பீய்ச்சும் வகை) உள்ள 24 வோல்ட் லாரிகளைப் பற்றி. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 4 புகை மாசு விதியும், 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதியும் கட்டாயமான பிறகு, இன்ஜினின் ஒவ்வொரு சொட்டு டீசலையும் இந்தப் பெட்டிதான் அளந்து கொடுக்கிறது. அதற்கு முந்தைய, டீசலை இயந்திர முறையில் அளந்து தரும் இன்லைன் பம்ப் வண்டிகளை ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை புதியது. பி.எஸ். 4 காலத்திலும் அசோக் லேலண்ட் ஐ.இ.ஜி.ஆர். என்ற புகை குறைப்பு முறையில் இன்லைன் பம்ப்பை வைத்தே பல வண்டிகளை விற்றது. அந்த வண்டிகளுக்குக் கீழே சொல்லப்படும் பலவும் பொருந்தாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், பழுது பெட்டியில்தான் என்பதற்குச் சான்று இருக்கிறதா என்பது. சான்று இல்லாமல் செய்யும் எந்த ஒப்பீடும் வீண் என்பதால் அதற்குத் தனியாக ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறேன்.

இரண்டாவது அளவுகோல் தரவு. இசிஎம் வெறும் சர்க்யூட் பலகையாக இருந்தால் கடையில் வாங்கிப் பொருத்திவிட்டுப் போகலாம். ஆனால் அதற்குள் அந்த இன்ஜின் மாடலுக்குரிய கேலிபரேஷன் கோப்பு (எப்போது எவ்வளவு டீசல் தர வேண்டும் என்ற கணக்கு), சேஸிஸ் எண், சாவியோடு பிணைந்த இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) குறியீடு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருக்கும் திருத்தக் குறியீடு, டயர் அளவு, பின் ஆக்சில் விகிதம், 80 கிலோமீட்டர் வேக வரம்பு, இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு ஆகிய அனைத்தும் இருக்கின்றன. பி.எஸ். 6 வண்டியில் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியில் சேர்ந்த கரி, சாம்பல் பற்றிய கணக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா அமைப்பு காலப்போக்கில் தானாகக் கற்றுக்கொண்ட திருத்தங்களும் சேர்ந்துகொள்ளும். இவற்றில் ஏதேனும் ஒன்று விடுபட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடவும் செய்யும், ஆனால் சரியாக ஓடாது.

மூன்றாவது, வண்டி நிற்கும் நாட்கள். மாதத் தவணை, இன்சூரன்ஸ், வரி, பெர்மிட், டிரைவர் சம்பளம் ஆகியவற்றைக் கூட்டி 30-ஆல் வகுத்தால் வண்டி சும்மா நிற்கும் ஒரு நாளின் விலை கிடைக்கும். அது 4,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்து நாள் தாமதம் 40,000 ரூபாய். இழந்த வாடகை அதில் சேரவில்லை. பழுதுபார்ப்பில் மிச்சம் பிடித்த தொகை இதற்குள்ளேயே கரைந்துபோவதை உரிமையாளர்கள் கவனிப்பதில்லை, ஏனென்றால் அதற்கு யாரும் பில் கொடுப்பதில்லை.

நான்காவது, அதே பழுது திரும்ப வந்தால் யார் பொறுப்பு என்பது. ஐந்தாவது, சட்டமும் ஆவணமும்.

## பெட்டியின் மீது பழி போடுவதற்கு முன்

பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனருக்கு இணைப்புக் கிடைக்கவில்லை என்றதும் “இசிஎம் அவுட்” என்று சொல்லிவிடுவது பட்டறைகளில் பரவலாக உள்ள பழக்கம். ஸ்கேனருக்குப் பெட்டி பதில் சொல்லாமல் இருப்பதற்குப் பெட்டி சாவது ஒரு காரணம் மட்டுமே. மற்ற காரணங்களைக் கீழே சொல்லும் வரிசையில் விலக்கிவிட்டு வருவதற்கு, திறமையான எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு நல்ல மீட்டரும் அரை நாளும் போதும்.

கரண்ட் வருகிறதா என்பதில் தொடங்க வேண்டும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்று வலுவிழந்திருந்தால், செல்ஃப் அடிக்கும் கணத்தில் வோல்டேஜ் சரிந்து பெட்டி தன்னை அணைத்துக்கொள்ளும், அதைப் பார்ப்பவருக்குப் பெட்டி செத்ததுபோலவே தோன்றும். பிறகு பெட்டியின் கனெக்டரைக் கழற்றி, சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே 24 வோல்ட் 21 வாட் பல்பை எரியவிட்டு அளக்க வேண்டும். மீட்டரை மட்டும் வைத்து அளந்தால் ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரும் 24 வோல்ட் காட்டும். பல்பைச் சுமையாகப் போடும்போதுதான் உண்மை வெளிப்படும். எர்த் பக்கம் பத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால், சேஸிஸில் எர்த் பிடித்திருக்கும் போல்ட்டைத் துரு நீக்கி இறுக்கிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்தது 5 வோல்ட் சென்சார் சப்ளை. ரயில் பிரஷர், பூஸ்ட் பிரஷர், ஆக்ஸிலரேட்டர் பெடல் போன்றவற்றுக்குப் பெட்டியே 5 வோல்ட் தருகிறது. அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலோ, அதன் ஒயர் சேஸிஸில் உராய்ந்து தோல் போனாலோ, அந்த லைன் முழுவதும் வோல்டேஜ் இழந்துவிடும். சில வண்டிகளில் பெட்டி பேசுவதையே நிறுத்திவிடும். ஸ்கேனரில் எஸ்.பி.என். 3509, எஃப்.எம்.ஐ. 4 என்ற பழுதுக் குறியீடு வந்தால் இந்தக் கதைதான். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே 5 வோல்ட் லைனைப் பார்த்தால், குற்றவாளி கழன்ற கணத்தில் அது எழுந்து நிற்கும். சில ஆயிரம் ரூபாய் சென்சாருக்காகப் பெரிய விலையில் இசிஎம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். புதிய பெட்டியும் அதே ஷார்ட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்ளும்.

மூன்றாவது கேன் லைன், அதாவது வண்டியின் எலெக்ட்ரானிக் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரண்டு ஒயர் இணைப்பு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கேன் ஹை, கேன் லோ இரண்டுக்கும் இடையே ஓம் அளந்தால் 60-ஐ ஒட்டி வர வேண்டும், ஏனென்றால் லைனின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொடுகின்றன. லைன்களை நடுவில் நின்று பிரிக்கும் கேட்வே பெட்டி உள்ள புதிய வண்டிகளில், டிரைவர் பக்கத்து சாக்கெட்டில் எடுக்கும் அளவு இன்ஜின் லைனைக் காட்டாது; இன்ஜின் பக்கத்திலேயே அளக்க வேண்டும்.

கனெக்டரைக் கழற்றும்போது பின்களைக் கண்ணால் பார்ப்பதும் சோதனைதான். பச்சை பூத்த பின், வாட்டர் சர்வீஸில் அதிக அழுத்தத்தில் பீய்ச்சிய தண்ணீர் உள்ளே போனதைச் சொல்லும். தண்ணீர் நேராகப் பெட்டிக்குள் விழ வேண்டும் என்பதில்லை, தோல் கிழிந்த ஒயருக்குள் ஊர்ந்து கனெக்டர் வரை வந்துவிடும். எலி கடித்த ஒயரிங் தனிக் கதை. குடோன் வாசலில் பல நாள் நிற்கும் வண்டிகளில் இது சகஜம்.

இவ்வளவும் சரியாக இருந்து, எஸ்.பி.என். 629, எஃப்.எம்.ஐ. 12 என்ற குறியீடோ, பி 0606 என்ற குறியீடோ அழித்தாலும் உடனே திரும்ப வந்துகொண்டே இருந்தால் பெட்டியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் மென்பொருளை மீண்டும் ஏற்றினால் சரியாகுமா என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. குறிப்பாக பி 0601 போன்ற நினைவகக் கோளாறு, பலகையில் எந்தக் குறையும் இல்லாமல், ஏற்றிய கோப்பு கெட்டுப்போனதால் மட்டும் வரலாம்.

ஒரு எச்சரிக்கை: அதே மாடல் அடுத்த வண்டியின் பெட்டியைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது எளிய சோதனை போலத் தெரியும். பழுது உண்மையில் ஒயரிங்கிலோ இன்ஜெக்டரிலோ இருந்தால், நல்ல பெட்டியின் இன்ஜெக்டர் டிரைவரும் கருகிவிடும். 50 வோல்ட்டுக்கு மேல் உயர்த்திய கரண்டை இன்ஜெக்டருக்குத் தரும் பகுதி அது. இம்மொபிலைசர் பூட்டிக்கொள்ளும் வண்டிகளில் இரண்டு வண்டியும் ஓரம் கட்டி நிற்க நேரிடும்.

பெட்டி உண்மையாகவே பழுதானது என்று தெரிந்தாலும், ஏன் பழுதானது என்பதற்கு விடை காணாமல் எந்த வழியையும் தேர்வு செய்யக் கூடாது. பேட்டரியையும் இசிஎம் கனெக்டரையும் கழற்றாமல், லாரிக்குக் கூண்டு (பாடி) கட்டும் பட்டறையில் வெல்டிங் வைத்தது, இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினல் கழன்றது, ரெகுலேட்டர் கெட்ட ஆல்டர்னேட்டர் 30 வோல்ட்டுக்கு மேல் தந்தது, ஷார்ட் ஆன இன்ஜெக்டர் ஒயர் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். காரணம் வண்டியிலேயே இருந்தால் அடுத்த பெட்டியும் அதே வழியில் போகும்.

## வழி ஒன்று: கம்பெனியின் புதிய இசிஎம்

தரவு என்ற அளவுகோலில் இது இரண்டு முகம் காட்டும். புதிய பெட்டி வெறுமையாக வரும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, கம்பெனியின் சர்வரிலிருந்து அந்த வண்டிக்குரிய கோப்பை இறக்கி ஏற்றுவார்கள். ஆகவே பழைய பெட்டி முற்றாகச் செத்திருந்தாலும் கேலிபரேஷன் கிடைத்துவிடும், பழுதுபார்ப்புக்கும் ஸ்கிராப் பெட்டிக்கும் இல்லாத பலம் இது. ஆனால் சர்வரில் இருப்பது வண்டி கம்பெனியை விட்டு வெளியே வந்த நாளின் நிலை. நடுவில் இன்ஜெக்டர் மாற்றியிருந்தால் புதிய இன்ஜெக்டரின் குறியீட்டைத் தலையைப் பார்த்துக் கையால் ஏற்ற வேண்டும், டி.பி.எஃப். சாம்பல் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினால், நிறைந்த வடிகட்டியைக் காலி என்று நினைத்துப் பெட்டி தவறாக நடந்துகொள்ளும். பழைய பெட்டி பேசும் நிலையில் இருந்தால் மாற்றுவதற்கு முன் இந்த மதிப்புகளை எடுத்து வைக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள்.

மறைந்த செலவுகள் விலைப் பட்டியலில் இருப்பதில்லை. புரோகிராமிங் கட்டணம் தனி. வண்டியை ஷோரூம் வரை இழுத்துச் செல்லும் கிரேன் கூலி தனி. ஸ்டாக் இல்லாத மாடலுக்குக் காத்திருக்கும் நாட்கள் தனி. எல்லாவற்றையும் விட முக்கியம், பெட்டியைப் பிரித்துப் புரோகிராம் செய்துவிட்டால் எலெக்ட்ரிக்கல் பாகம் என்பதால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கண்டறிதல் தவறாக இருந்தால் முழு நஷ்டமும் உரிமையாளர் தலையில் விழும். ஆகவே புதியது போடச் சொல்பவரிடம், மேலே சொன்ன சோதனைகளின் அளவுகளை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்வது உரிமையாளரின் நியாயமான உரிமை.

புதியதே சரியான தேர்வாகும் இடங்கள்: வாரண்டி நடப்பில் உள்ள வண்டி, பி.எஸ். 6 வண்டி, நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தில் ஓடும் வண்டி. நாமக்கல்லில் எண்ணெய் நிறுவன ஒப்பந்தத்தில் எரிவாயு டேங்கர் ஓட்டுபவர்கள் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவர்கள்.

## வழி இரண்டு: அதே பெட்டியைப் பழுதுபார்ப்பது

சரியான ஆளிடம் போனால் இது நான்கு வழிகளிலும் மிக இயல்பானது, ஏனென்றால் தரவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இம்மொபிலைசர், இன்ஜெக்டர் குறியீடு, மணிக்கணக்கு எதுவும் மாறுவதில்லை. திரும்பி வந்த பெட்டியை மாட்டினால் வண்டி ஓடும், புரோகிராமிங் தேவையில்லை. பெட்டியை மட்டும் கூரியரில் அனுப்பினால் போதும் என்பதால், வண்டி வெளிமாநிலத்தில் நின்றாலும் இந்த வழி திறந்தே இருக்கும்.

எது பழுதுபார்க்கத்தக்கது என்பதில் தெளிவு வேண்டும். கருகிய இன்ஜெக்டர் டிரைவர், வீங்கிய கெப்பாசிட்டர், உள் சப்ளை ரெகுலேட்டர், கேன் லைனோடு பேசும் சிப், அரித்துப்போன கனெக்டர் பின் ஆகியவை மாற்றக்கூடியவை. பிரதான பிராசஸர் போனது, பலகையின் உள்ளடுக்குகளில் தண்ணீர் இறங்கி அரித்தது, பச்சைப் பலகைக்குப் பதில் பீங்கான் தகட்டில் மயிரிழைக் கம்பிகளால் இணைத்த மாடல்கள் ஆகியவற்றில் நேர்மையான டெக்னீஷியன் முடியாது என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படிச் சொல்பவரை நம்பலாம். எல்லாப் பெட்டியையும் சரிசெய்வேன் என்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

ஆளைத் தேர்வு செய்யக் கேட்க வேண்டியவை மூன்று. திறப்பதற்கு முன் உள்ளே இருக்கும் தரவை முழுவதும் படித்துக் கோப்பாக எனக்குத் தருவீர்களா? சரிசெய்த பிறகு பெஞ்சில் இன்ஜெக்டர் சுமை கொடுத்துச் சூடேறும் வரை ஓட்டிப் பார்ப்பீர்களா? மூடும்போது சிப்புகளுக்கும் உலோக மூடிக்கும் இடையே வெப்பப் பசையும், விளிம்பில் பழையபடி சீலண்டும் வைப்பீர்களா? கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும், ஆனால் இன்ஜின் மேலேயே போல்ட் போட்டிருக்கும் பெட்டி ஓயாத அதிர்விலும் சூட்டிலும் இருப்பது. சரிசெய்த பெட்டி சில மாதங்களில் மறுபடி போவதற்கு மோசமான சாலிடரைப் போலவே மோசமான மூடலும் காரணமாகிறது.

இங்கே மறைந்த செலவு, மறுபடி நின்றுபோகும் அபாயம். பழுதுபார்ப்பவர் தரும் வாரண்டி பெட்டிக்குத்தான். நாக்பூர் அருகே நின்ற வண்டியின் லோடை வேறு லாரிக்கு மாற்றிய கூலிக்கு அல்ல. முட்டை ஏற்றிச் செல்லும் வண்டியானால் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகும். ஆகவே சரிசெய்த பெட்டியோடு முதல் சில நடைகளை ஊர்ப்பக்கத்து லோடாகப் பிடிப்பது புத்திசாலித்தனம்.

இன்னொரு விலையும் உண்டு: ஒருமுறை திறந்த பெட்டிக்குக் கம்பெனி வாரண்டி கிடையாது, பழையதைக் கொடுத்துச் சீரமைத்ததை வாங்கும் மாற்றுத் திட்டத்திலும் அதை ஏற்க மாட்டார்கள். ஆகவே வரிசை முக்கியம். முதலில் தரவைப் படித்தெடுப்பது, பிறகு வாரண்டியும் மாற்றுத் திட்டமும் உண்டா என்று விசாரிப்பது, அவை இல்லை என்ற பிறகே மூடியைத் திறப்பது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியானால் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்ப்பதற்கு முன் தொடவே கூடாது. வெள்ளச் சேதம் இன்சூரன்ஸின் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பிரிவில் வரும். தானாக வந்த எலெக்ட்ரிக்கல் பழுது வராது. திறந்து பார்த்த பெட்டியை வைத்து இரண்டையும் பிரித்து நிரூபிப்பது கடினம்.

## வழி மூன்று: ஸ்கிராப் வண்டியின் பழைய பெட்டி

டெல்லி மாயாபுரி, சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளிலிருந்து வரும் பழைய பெட்டியைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. ஒரு நிபந்தனையோடு மட்டுமே அதை ஏற்கலாம் என்பது என் கருத்து: நம் வண்டியின் பழுதான பெட்டியிலுள்ள தரவை முழுமையாக அதற்குள் குளோன் (நகல்) செய்ய முடிய வேண்டும். அப்போது வாங்குவது பலகையை மட்டும்தான். அறிவு நம் வண்டியுடையதாகவே இருக்கும்.

குளோன் என்பது கேலிபரேஷன் கோப்பை மட்டும் நகலெடுப்பது அல்ல. இம்மொபிலைசர், சேஸிஸ் எண், கற்ற மதிப்புகள் இருக்கும் தனி நினைவகத்தையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். பாஷின் இ.டி.சி. 17 குடும்பத்துப் பெட்டிகள் போன்றவற்றில் பாதுகாப்புப் பூட்டு இருப்பதால், சாதாரண ஸ்கேனர் சாக்கெட் வழியாக இதைச் செய்ய முடிவதில்லை. பெட்டியை மேசையில் வைத்து நேரடியாக இணைக்கும் கருவி வேண்டும். ஸ்கேனருக்குப் பேசாத பெட்டியையும் அப்படிப் படிக்க முடிவதுண்டு. சப்ளை ரெகுலேட்டர் போயிருந்தாலும் பிராசஸரின் நினைவகம் நலமாக இருக்கலாம் அல்லவா? ஆகவே “ஸ்கேனரில் வரவில்லை, எனவே டேட்டா போய்விட்டது” என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

குளோன் செய்யாமல் அப்படியே மாட்டிக்கொடுப்பவர்களிடம் சிக்கினால் வண்டி வேறொருவரின் சேஸிஸ் எண்ணோடும், வேறு இன்ஜெக்டர்களின் திருத்தக் குறியீட்டோடும் ஓடும். சிலிண்டருக்குச் சிலிண்டர் டீசல் அளவு மாறுபட்டு இன்ஜின் நடுங்கும், புகை தள்ளும், மைலேஜ் குறையும். பெட்டியின் பார்ட் நம்பர் ஒன்றாக இருந்தாலும் ஹார்டுவேர் எண் மாறியிருக்கலாம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எல்லா எண்களையும் புகைப்படம் எடுத்து ஒப்பிட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

மூலம் தெரியாத பொருளின் ஆபத்து வேறு. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்றவற்றில் மூழ்கிய வண்டிகளின் பெட்டிகளும் சந்தைக்கு வர வாய்ப்பிருக்கிறது. அவை முதல் நாள் வேலை செய்துவிட்டு உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். திருட்டு வண்டியின் பாகமானால் போலீஸ் வழக்கு. எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று சேஸிஸ் எண்ணோடு பில் தராதவரிடம் வாங்க வேண்டாம். 2021-இன் வாகன ஸ்கிராப்பிங் விதிகளின்படி பதிவு பெற்ற நிலையத்திலிருந்து வந்த பாகமானால் இந்தக் கவலை குறைவு.

## வழி நான்கு: மறுசீரமைத்த மாற்றுப் பெட்டி

பழையதைக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலை முறையில் சோதித்துச் சீரமைத்த இன்னொன்றை வாங்குவது. கிடைக்கும் மாடல்களுக்கு, புதியதற்கும் பழுதுபார்ப்பதற்கும் இடைப்பட்ட விலையில் வாரண்டியோடு வரும். கையிருப்பில் இருந்தால் காத்திருப்பும் இல்லை. நம் ஊரில் எல்லா மாடலுக்கும் இது கிடைப்பதில்லை என்பதே இதன் பெரிய குறை. தரவு விஷயத்தில் இது புதிய பெட்டியைப் போன்றது, புரோகிராமிங் தேவை. பழைய பெட்டிக்கு ஈடாக வாங்கும் டெபாசிட், அது திறக்கப்பட்டிருந்தாலோ எரிந்திருந்தாலோ திரும்பக் கிடைக்காது. விற்பவரிடம் இதை முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். சிலர் சாதாரணமாகப் பழுதுபார்த்ததையே “ரீகண்டிஷன்” என்ற பெயரில் விற்கிறார்கள், சோதனை அறிக்கை கேட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | புதியது | பழுதுபார்ப்பு | பழையது, குளோனோடு | மாற்றுப் பெட்டி |
|---|---|---|---|---|
| பழைய தரவு படிக்க முடியாவிட்டால் இந்த வழி முடியுமா | முடியும் | பிராசஸர் நலமானால் மட்டும் | முடியாது | முடியும் |
| புரோகிராமிங் | கட்டாயம் | தேவையில்லை | குளோனே போதும் | கட்டாயம் |
| வண்டி ஷோரூம் செல்ல வேண்டுமா | ஆம் | வேண்டாம் | வேண்டாம் | பெரும்பாலும் ஆம் |
| பொருளின் விலை | மிக அதிகம் | குறைவு | குறைவு முதல் நடுத்தரம் | நடுத்தரம் |
| மறுபடி போகும் அபாயம் | குறைவு | ஆளைப் பொறுத்தது | அதிகம் | குறைவு |
| கவனிக்காமல் விடும் செலவு | காத்திருப்பு, தவறான கண்டறிதலின் முழு நஷ்டம் | வழியில் நிற்பது, வாரண்டி இழப்பு | மூலம் தெரியாமை, வழக்கு | டெபாசிட் போவது |

இந்த நான்கிற்கும் வெளியே ஐந்தாவதாக ஒன்றையும் சிலர் நீட்டுவார்கள்: “பெட்டியைத் திறந்ததுதான் திறந்தோம், யூரியாவையும் டி.பி.எஃப்.ஐயும் கட் செய்து ரீமேப் (மாற்றி எழுதிய மென்பொருள்) போட்டுவிடலாம்.” மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அந்தக் கோப்பை ஏற்றிய பிறகு வாரண்டி, எஃப்.சி., மறுவிற்பனை எல்லாமே சிக்கல். இதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை.

## யாருக்கு எது

வாரண்டி முடிந்த பி.எஸ். 4 வண்டி, ஒரு பேங்க் (ஒரே டிரைவர் சிப்பில் இயங்கும் தொகுதி) இன்ஜெக்டர்கள் மட்டும் வேலை செய்யவில்லை, ஒயரிங்கும் இன்ஜெக்டரும் நலம் என்று சோதித்தாயிற்று, பெட்டி இன்னும் ஸ்கேனரோடு பேசுகிறது என்றால் பழுதுபார்ப்பதை விட்டு வேறு எதையும் யோசிக்க வேண்டாம். டிரைவர் சிப் போன இந்த வகைப் பழுதுக்குப் புதிய பெட்டி வாங்குவது, என் பார்வையில், தவிர்க்கக்கூடிய செலவு.

அதே வண்டியின் பெட்டிக்குள் தண்ணீர் போய்ப் பலகை அரித்திருக்கிறது, ஆனால் மேசையில் வைத்துப் படிக்க முடிகிறது என்றால் மூலம் தெரிந்த பழைய பெட்டியில் குளோன் செய்வது பொருந்தும். எதையும் படிக்க முடியவில்லை என்றால் மாற்றுப் பெட்டி கிடைக்குமா என்று பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் புதியது.

பி.எஸ். 6 வண்டிகளில் நான் கம்பெனி வழியின் பக்கமே சாய்கிறேன். 2023 ஏப்ரல் முதல் வந்த இரண்டாம் கட்ட விதி வண்டிகளில், இசிஎம், யூரியா அமைப்பு, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும் நாக்ஸ் சென்சார்கள் அனைத்தும் ஒன்றையொன்று கண்காணிக்கின்றன. கணக்கு இடித்தால் பெட்டியே இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். மேட்டில் லோடோடு ஏற முடியாமல் நிற்கும்போதுதான் அரைகுறை குளோனின் விலை தெரியும்.

நாமக்கல்லிலிருந்து 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போன வண்டி வழியில் நின்றால் கணக்கு மாறும். டிரைவர் தெரியாத ஊரில், தெரியாத பட்டறையில், கையில் இருக்கும் அட்வான்ஸ் பணத்தோடு நிற்கிறார். அங்கே பெட்டியைத் திறக்க விடாமல் முதலில் சப்ளை, எர்த், சென்சார் கழற்றும் சோதனைகளை மட்டும் போனிலேயே சொல்லிச் செய்ய வைக்க வேண்டும். லோடு அவசரமானால் அதை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பிவிட வேண்டும். லோடின் அவசரத்தில் எடுக்கும் இசிஎம் முடிவு பெரும்பாலும் இரண்டு மடங்கு செலவில் முடியும். பிறகு பெட்டியைக் கழற்றி, ஸ்டிக்கரைப் புகைப்படம் எடுத்து, நம்பிக்கையான டெக்னீஷியனுக்குக் கூரியர் அனுப்புவதா, அருகிலுள்ள கம்பெனி சர்வீஸுக்கு இழுப்பதா என்பதை, நிற்கும் நாளின் விலையை வைத்து முடிவு செய்யலாம்.

## மாட்டிய பிறகு

எந்த வழியானாலும் புரோகிராமிங் நடக்கும்போது பேட்டரி சார்ஜரை மாட்டி வைத்திருக்க வேண்டும். பாதியில் வோல்டேஜ் சரிந்தால் புதிய பெட்டியே மூளையற்றுப் போகும். இன்ஜின் ஓடும்போது சார்ஜிங் 27.5 முதல் 28.5 வோல்ட் வரை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சேஸிஸ் எண், எல்லா இன்ஜெக்டர் குறியீடுகள், டயர் அளவு, ஆக்சில் விகிதம், வேக வரம்பு ஆகியவற்றை ஸ்கேனர் திரையிலேயே காட்டச் சொல்லிப் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பீடோமீட்டரை ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிட்டால் டயர், ஆக்சில் மதிப்பில் உள்ள தவறு உடனே வெளிப்படும். லோடோடு ஒரு மேடு ஏறி, இன்ஜின் நன்கு சூடான பிறகு மறுபடி குறியீடுகளைப் படிக்க வேண்டும். சூட்டில் மட்டும் வரும் பழுது பட்டறை வாசலில் தெரியாது.

பில்லில் பெட்டியின் பார்ட் நம்பரும் சீரியல் எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். படித்தெடுத்த தரவுக் கோப்பு, டெக்னீஷியனிடம் மட்டும் இல்லாமல் உரிமையாளர் கையிலும் ஒரு பென் டிரைவில் இருக்க வேண்டும். மாற்றுத் திட்டத்தில் வாங்கியவர்கள் தவிர மற்றவர்கள், வண்டி சில நடை ஓடி முடிக்கும் வரை பழைய பெட்டியை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம்.